கடையின் மறை

ஆவணி 8, திங்கள்

வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார் என்று தினமும் எழுதி வைக்கும்படி, வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். மருந்துக் கம்பெனி டைரி ஒன்றையும் கையில் திணித்தாள். எழுதுகிறேன். காலையில் இட்லி இரண்டு, சாம்பாரில் குழைத்து ஊட்டியது. மாத்திரை மூன்றும் உள்ளே போயின. வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகப் புரிகிறது என்கிறார் டாக்டர். நான் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்க்கிறார். வாதம் வருவதற்கு முன்பும் அப்படித்தான் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆவணி 11, வியாழன்

பக்கத்து வீட்டுப் பாட்டியை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, மூடிக் கிடந்த அவர் கடையை இன்று திறந்தேன். தீபாவளி நெருங்கும்போது பூட்டிப் போட்டால் வாடிக்கை எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விடும். தென்காசியில் ஜவுளிக்கடைக்கா பஞ்சம்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கடைக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. விற்பனையில் நிற்கும் மூன்று பெண்களில் மூத்தவள் புஷ்பம், ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, ஐந்நூத்தி இருவது போட்டிருக்கு. எவ்வளவு கொறைக்கலாம்னு கேக்காவ."

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேலே விலை எண்ணில் இருந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் அர்த்தமில்லாத மூன்று தமிழ் எழுத்துகள். அந்த எழுத்துகள்தான் நாங்கள் வாங்கிய அசல் விலை. பத்து எழுத்தில் ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொள்வார்கள். முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, இப்படியே போய்க் கடைசி எழுத்து பூஜ்யம். ஒரு எழுத்து இரண்டு தடவை வரக் கூடாது. அந்தச் சொல்லுக்கு எங்கள் கடையில் மறை என்று பெயர். மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான் சொல்வார்கள். விலையைக் குறைக்கச் சொல்லி யாராவது கேட்டால் இவர் சீட்டைப் பார்ப்பார், அசலுக்குக் கீழே போகாமல் ஒரு விலை சொல்வார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்தச் சொல் என்ன என்பது மட்டும் தெரியாது.

ரொம்ப யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு "நானூத்தி அம்பது" என்றேன். சேலை கேட்டு வந்தவள் மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினாள். அவள் அவசரத்திலேயே நான் ஏமாந்தது தெரிந்துவிட்டது.

ஆவணி 12, வெள்ளி

கஞ்சி அரை டம்ளர். இரவு தூங்கினார். நான் தூங்கவில்லை.

காலையில் ஒரு சீட்டை அவர் கண் முன்னால் பிடித்து, "மறை என்னன்னு சொல்லுங்க. எழுத்தைக் காட்டுதேன், கண்ணை மட்டும் மூடித் திறங்க போதும்" என்றேன். க, ங, ச என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடினார். மூடினவர் திறக்கவே இல்லை. பிறகு சிலேட்டை இடது கையில் கொடுத்தேன். அது கீழே விழுந்தது. விழுந்ததா, போட்டாரா தெரியவில்லை.

ஆவணி 15, திங்கள்

கொழுந்தன் நமசு சுரண்டையிலிருந்து வந்திருந்தார். அங்கே அவருக்குத் தனிக் கடை. அண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேரே கடைக்குப் போய் அலமாரி அலமாரியாகப் பார்த்தார். சீட்டுகளைப் பார்க்கப் பார்க்க அவர் உதடு அசைந்தது. அவருக்கு மறை தெரியும். ஐயா இரண்டு மகன்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"உங்களுக்கு எதுக்கு மைனி இந்த அலைச்சல்? அண்ணனைப் பாத்துக்கிடுங்க. சரக்கு மொத்தத்தையும் நானே எடுத்துக்கிடுதேன். மூணு லட்சம் தாரேன். விஜயதசமி அன்னைக்கு எழுதிக்கிடலாம், நல்ல நாளு."

"மறை என்னன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. தீபாவளி வரைக்கும் நானே ஓட்டிப் பாக்கேன்."

"அது ஐயா போட்டது மைனி. வெளிய சொல்லப்படாது."

"நான் வெளிய உள்ளவளா?"

அவர் பிடரியைச் சொறிந்தார். "அப்படி இல்ல மைனி" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

மூன்று லட்சத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டியது போனால் மிச்சம் ஒன்றிரண்டு வருஷச் சாப்பாட்டுக்குக் காணும். அதற்குப் பிறகு? கடையும் இருக்காது. ஒருவேளை அது நியாயமான விலையாகவும் இருக்கலாம். அதுகூட எனக்குத் தெரியவில்லை, அதுதான் என்னைப் பிடுங்குகிறது.

ஆவணி 16, செவ்வாய்

பூனாவிலிருந்து மகன் சிதம்பரம் போன் செய்தான். சித்தப்பா சொல்வதைக் கேட்கச் சொன்னான். நான் அவன் சாப்பிட்டானா என்று கேட்டேன்.

ஆவணி 19, வெள்ளி

நெஞ்சு படபடப்பு. அவருக்கில்லை, எனக்கு. நர்ஸிடம் சொல்லவில்லை.

இசக்கியம்மாள் டீச்சர் சேலை எடுக்க வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். சீட்டைப் பார்த்து, "உங்க கடைப் பரிபாஷையா இது?" என்றாள். எங்கள் கடையில் மறை என்று சொல்வோம் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். சேலையை மறந்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நல்ல பழைய சொல்லுல்லா. மறைக்கிறதுதான் மறை. வேதத்தையும் மறைன்னுதான் சொல்லுவோம். எழுதி வைக்க மாட்டாவ, வாயில இருந்து காதுக்குத்தான் போகும். யார் காதுக்குப் போகலாம், யார் காதுக்குப் போகப்படாதுன்னு ஒரு கணக்கு இருந்திச்சு. நீங்க விலைக்குப் போடுதது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறின்னு சொல்லுவாவன்னு நாங்க வகுப்புல நடத்துவோம். ஒரு குழுவுக்குள்ள உள்ளவனுக்கு மட்டும் புரியும். புரியாதவன் குழுவுல இல்ல, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். சேலைக்கு என்ன விலை சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவள் போன பிறகு கல்லாவுக்குள் தலையைக் குனிந்து சில்லறையை அடுக்குவதுபோல உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அதை ஏன் எழுதாமல் விட வேண்டும்? முப்பது வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவருக்கு எந்தப் பல்லில் சொத்தை என்று தெரியும். குழுவில் இல்லை.

ஆவணி 22, திங்கள்

எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லா டிராயரில் ஆடி மாசம் வாங்கின சரக்குக்கு இரண்டு பில் கிடக்கிறது. பில்லில் விலை இருக்கிறது, சேலையில் சீட்டு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுத்துகள் தானாகப் பிடிபட வேண்டும்தானே.

பிடிபடவில்லை. சின்னாளபட்டிச் சேலைக்குப் பில்லில் நூற்றுப்பத்து. சீட்டில் "பெண்தே" என்று இருக்கிறது. நூற்றுப்பத்தில் ஒன்று இரண்டு தடவை வருகிறது. அப்படியானால் முதல் இரண்டு எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே வேறு வேறாக இருக்கின்றன. இன்னொரு பில்லில் இருநூற்று நாற்பது, சீட்டில் "ண்டதே". அங்கே ஒன்றுக்கு நின்ற ண் இங்கே இரண்டுக்கு நிற்கிறது. அடுப்பில் அவருக்கு வைத்த கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதையே மேலாக வழித்துக் கொடுத்தேன். குடித்தார்.

ஆவணி 25, வியாழன்

பில்லும் சேலையுமாக நான் மல்லுக்கட்டுவதைப் புஷ்பம் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இன்று தரையைப் பெருக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "அண்ணாச்சி பில்லு விலையைப் போட மாட்டாவ. லாரி வாடகை, சுமைகூலின்னு சேலைக்குப் பத்து ரூவா சேத்துத்தான் போடுவாவ."

பத்தைச் சேர்த்தேன். நூற்றிருபது. பெ ஒன்று, ண் இரண்டு, தே பூஜ்யம். இருநூற்றைம்பது. ண் இரண்டு, ட ஐந்து, தே பூஜ்யம். எல்லாம் பொருந்தி வந்தது.

அப்படியானால் சொல்லின் முதல் எழுத்து பெ, இரண்டாவது ண். பெண்.

ஐந்தாவது ட. கடைசியில் தே.

ஒரு பெண்ணை வைத்துத்தான் இந்தக் கடை இத்தனை வருஷமும் விலை போட்டிருக்கிறது. எந்தப் பெண்? பத்து ரூபாய் சேர்ப்பது புஷ்பத்துக்கு எப்படித் தெரிந்தது?

ஆவணி 26, வெள்ளி

புஷ்பம் என் முகத்தைப் பார்த்து உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குப் போன வருஷம் அவர் கொடுத்த தீபாவளிச் சேலை என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தேன். பச்சை. மற்ற இரண்டு பெண்களுக்கும் பச்சைதான்.

ஆவணி 30, செவ்வாய்

அவர் இடது கையால் டம்ளரைத் தானே பிடித்தார். டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

புரட்டாசி 5, திங்கள்

ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பழைய பில் கட்டுகளை வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டார்கள். இன்கம்டாக்ஸ் என்றேன். ஆடிட்டருக்கே பொய் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று, க. ஏழு, சொ. மத்தியானத்துக்குள் இவ்வளவும் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவருக்குக் கொடுக்க வாழைப்பழத்தை நசுக்கிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. பெண், க, ஏதோ ஒன்று, ட, ஏதோ ஒன்று, சொ, பிறகு தெரியாத இரண்டு, கடைசியில் தே. பெண்க. பெண்கள். பெண்களிட.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

விரலை விட்டு எண்ணினேன். பெ, ண், க, ளி, ட, ம், சொ, ல், லா, தே. பத்து. ஒரு எழுத்துகூட இரண்டு தடவை வரவில்லை. சரிபார்க்க மறுபடியும் கடைக்கு ஓடினேன். நாற்பது சீட்டாவது பார்த்திருப்பேன். ஒன்றும் பிசகவில்லை.

பெண்களிடம் சொல்லாதே.

புரட்டாசி 6, செவ்வாய்

பால் அரை டம்ளர். பிரஷர் எனக்குத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை நாளாக நான் பயந்தது வேறு. யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று பயந்தேன். ஒருத்தி இருந்தால்கூட ஒரு ஆளோடு சண்டை போடலாம். இவர்கள் ஒட்டுமொத்தமாகக் கதவைச் சாத்தி, அந்தச் சாத்தின கதவையே கடைக்குத் தாழ்ப்பாளாகவும் போட்டிருக்கிறார்கள். தினமும் அதைத் துண்டு துண்டாக எழுதிச் சேலையில் குத்தியிருக்கிறார். அந்தச் சேலைகளைத்தான் நானும் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அவர் முகத்துக்கு நேரே போய் அந்த இரண்டு வார்த்தையையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். வாய் கோணிக்கொண்டு என்னவோ தேடியது. "ஐ…யா" என்றார்.

வாதம் வந்த பிறகு அவர் பேசின முதல் வார்த்தை அது. ஓடிப் போய் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய நேரம். நான் அங்கேயே நின்றேன்.

"ஐயா போட்டாவ, சரி. மாத்த உங்களுக்கு முப்பது வருசம் இருந்துச்சே."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இடது பக்கக் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டார். வலது பக்கத்தை நான் துடைத்துவிட்டேன். துடைக்காமல் இருக்கத்தான் நினைத்தேன்.

புரட்டாசி 8, வியாழன்

கடை திறந்ததும் புஷ்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "உனக்கு மறை தெரியுமா?" என்று நேராகவே கேட்டேன். மற்ற இரண்டு பெண்களும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"அவுக சொன்னாவளா?"

"அண்ணாச்சி எங்க சொல்லப் போறாவ? தினமும் சீட்டைப் பாத்து விலை சொல்லுதாவ, நாங்க பக்கத்துலயே நிக்கோம். கேட்டுக்கிட்டே இருந்தா தானாத் தெரிஞ்சிரும். இந்தா, இவளுகளுக்கும் தெரியும்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னுதான் மொதல்ல நெனச்சோம். நீங்க சீட்டைப் பாத்து யோசிக்கிற தோரணை அப்படி இருந்திச்சு. பெறவு தெரியாதுன்னு தெரிஞ்சிச்சு. நாங்க சொன்னா நீங்க எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. வேலை போயிருமோன்னு பயம்க்கா." கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். கஷ்டப்பட்ட குடும்பத்துப் பெண்கள் வந்தால், இவர்கள் மூவரும் விரித்த சேலையை மடிக்காமல் கையிலேயே வைத்திருப்பார்களாம். இன்னும் குறைத்துக் கேள் என்று அதற்கு அர்த்தம். விலை அசலுக்குப் பக்கத்தில் வந்ததும் மடித்துவிடுவார்கள். வருகிற பெண்களுக்கெல்லாம் இது தெரியுமாம். இத்தனை வருஷமாக நடந்திருக்கிறது, அண்ணாச்சி கண்ணெதிரே.

எங்களுக்கு வர வேண்டிய லாபம் எவ்வளவு போயிருக்கும் என்று கோபப்பட வேண்டும். கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்துப் பயந்து புஷ்பம் தண்ணீர் கொண்டுவந்தாள்.

புரட்டாசி 12, திங்கள்

மூன்று பெண்களும் நானுமாகச் சரக்கு முழுவதையும் அசல் விலைக்குக் கணக்குப் பார்த்து முடித்தோம். ஐந்தரை லட்சத்துக்கு மேல் வருகிறது. புஷ்பம் சீட்டைப் பார்க்கிற வேகத்துக்கு என்னால் எழுத முடியவில்லை.

அப்படியானால் நமசு உதட்டை அசைத்து அசைத்துக் கூட்டிப் பார்த்தது சரியாகத்தான் வந்திருக்கிறது. தெரிந்துதான் மூன்று சொல்லியிருக்கிறார்.

புரட்டாசி 15, வியாழன்

விஜயதசமி. நமசு பத்திரம் எழுதுகிறவரோடு வந்துவிட்டார். வேஷ்டி புதுசு. தூக்கமில்லாமல் எனக்குக் கண் எரிந்தது. பேசும்போது குரல் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் பேச்சை நீட்டவில்லை. கைக்கு வந்த ஒரு பட்டுச் சேலையை எடுத்து, சீட்டைப் பார்த்து அசல் விலையைச் சொன்னேன். இன்னொன்றை எடுத்தேன், சொன்னேன். மூன்றாவதுக்கு அவரே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் சொல்லிட்டாவளா?" என்றார்.

"அவுகளுக்குத்தான் பேச்சு வரலையே" என்றேன். "ஐயா ஏன் இப்படி ஒரு மறையைப் போட்டாவ? அதையாவது சொல்லுங்க."

பத்திரக்காரர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நமசு தணிந்த குரலில் சொன்னார். ஐயா கடை ஆரம்பித்தபோது வேறு மறை இருந்ததாம். அத்தை, என் மாமியார், அதைத் தன் தங்கச்சியிடம் சொல்லிவிட்டாராம். தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் அசல் விலையைச் சொல்லியே கேட்டு, ஜவுளி எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். "அன்னைக்கு ராத்திரியே ஐயா மறையை மாத்திட்டாரு. அம்மாவை எதுவும் சொல்லல மைனி. ஒரு வார்த்தை வையல" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஒரு வார்த்தை வையவில்லை. அத்தை இந்தக் கடைப்படி மிதித்து நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றியதும் இல்லை.

நமசுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். கடை கொடுப்பதாக இல்லை என்று அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் போன பிறகுதான், எடுத்துப் போட்ட பட்டுச் சேலைகளை மடித்து அடுக்கினேன்.

புரட்டாசி 20, செவ்வாய்

புதுச் சரக்கு வந்து இறங்கியது. பழைய மறை இனி வேண்டாம் என்று நால்வரும் உட்கார்ந்து புதிதாக ஒன்று போட்டோம். பத்து எழுத்து கிடைக்க மத்தியானம் முழுக்க ஆயிற்று. மூவரில் சின்னவள் சொன்னதில் இரண்டு எழுத்து திரும்ப வந்தது, புஷ்பம் அதைச் சரிசெய்தாள். அது என்ன என்று இங்கேகூட எழுதப்போவதில்லை. நர்ஸ் படிப்பாள்.

ஐப்பசி 1, ஞாயிறு

நாளை தீபாவளி. சாப்பிட நேரமில்லை. உட்கார நேரமில்லை. பயப்படவும் நேரமில்லை.

கார்த்திகை 4, வெள்ளி

இன்று அவரை ஆட்டோவில் கடைக்குக் கூட்டி வந்தேன். நடைக்குச்சியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்துப் படியேறினார். ஒன்றிரண்டு வார்த்தை இப்போது வருகிறது. தண்ணி, போதும், வேண்டாம். என் பெயர் இன்னும் வரவில்லை. வடிவு சின்னப் பெயர்தான், வரும் என்கிறார் டாக்டர்.

காலையிலிருந்தே எனக்குள் ஒரு பயம். அவர் வந்து நின்றதும் நான் தானாகக் கல்லாவை விட்டு எழுந்துவிடுவேனோ என்ற பயம். எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அலமாரிப் பக்கம் போய், புதுச் சரக்கில் ஒரு சேலையை இடது கையால் இழுத்துச் சீட்டைப் பார்த்தார்.

உதடு அசைந்தது. நின்றது. திரும்பவும் அசைந்தது. சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். இன்னொரு சேலையை எடுத்தார். புஷ்பம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சீட்டை என் பக்கம் நீட்டினார். நெற்றி நரம்பு புடைத்தது.

"என்…ன… ம…றை?"

இத்தனை வருஷத்தில் தனக்குத் தெரியாத ஒன்றை அவர் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. உடனே சொல்லிவிட வேண்டும் என்று ஆசை எழும்பிவிட்டது. அவர் முகம் அப்படி இருந்தது.

"தினமும் வந்து உக்காருங்க. நாங்க வெல சொல்லுததைக் கேட்டுக்கிட்டே இருங்க. தானாத் தெரிஞ்சிரும்."

அவர் என்னைப் பார்த்தார், புஷ்பத்தைப் பார்த்தார், மற்ற இருவரையும் பார்த்தார். எங்கே கோபத்தில் குச்சியை எறிந்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார். இடது கையால் ஒரு ஸ்டூலை இழுத்து இழுத்துக் கொண்டுபோய், விற்பனைப் பெண்கள் நிற்கும் பக்கமாகப் போட்டுக்கொண்டார்.